எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்: உள்ளே போகாமலே பார்ப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது. அது வேலை நடக்கிற ராணுவத் தளம். அமெரிக்க விமானப்படைக்குப் புதிதாகச் செய்யும் விமானங்கள் பெரும்பாலும் இங்கேதான் பறக்கவிட்டுச் சோதிக்கப்படும். ஆனாலும் ஒரு நாளை ஒதுக்கி, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது தலையைத் தூக்குவது என்று தெரிந்துகொண்டு போனால், அந்தத் தளத்தின் சாரத்தில் பாதிக்கு மேல் வேலிக்கு வெளியேயே கிடைத்துவிடும். நான் நாலைந்து தடவை போய், பாதி தடவை சொதப்பிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை மாமனாரோடு போனேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார், விமானம் என்றால் அவருக்கு உயிர். போனில் தளத்தின் பெயரைப் போட்டேன், அது பாட்டுக்கு லங்காஸ்டரிலிருந்து 120ஆம் தெரு வழியாகத் தெற்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. காவலுக்கு நின்ற இளைஞர் அடையாள அட்டை கேட்டார். இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். "பத்து நிமிஷத்துல பாத்துட்டு வந்துடுறோம்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்கிறார் இவர் பின் சீட்டிலிருந்து. அந்தப் பையன் சிரித்த முகமாகவே திரும்பிப் போகும் வழியைக் காட்டினார். ஆகவே பாடம் ஒன்று: மேப்பில் தளத்தின் பெயரைப் போடாதீர்கள், கீழே சொல்லும் இடங்களின் பெயரைப் போடுங்கள். தவறிப்போய் வாசல் வரை வந்துவிட்டால் பதறி ரிவர்ஸ் எடுக்க வேண்டாம், மெதுவாக முன்னால் போய், கை ஸ்டீயரிங்கில் தெரியும்படி வைத்துக்கொண்டு, வழி தவறிவிட்டேன் என்று சொன்னால் போதும், அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வாசலைப் படம் மட்டும் எடுக்காதீர்கள். டிரோன் என்ற பேச்சே வேண்டாம்.

கிளம்பும் முன் ஏரியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தத் தளம் ஏன் இங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் கண்ணுக்குக் கிடைப்பது வெறும் புதரும் வேலியும்தான். எல்லாவற்றுக்கும் காரணம் ரோஜர்ஸ் என்ற காய்ந்த ஏரி. சுமார் 44 சதுர மைல், கிட்டத்தட்ட 114 சதுர கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு 2,300 அடி உயரத்தில், தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. குளிர்கால மழையில் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பாலைவனக் காற்று அந்தத் தண்ணீரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார் கட்டையால் தேய்த்து மட்டம் பிடிப்பாரே, அதே வேலைதான். வெயில் வந்ததும் களிமண் இறுகிச் சிமெண்ட்டுத் தரை மாதிரி ஆகிவிடும். முந்தின வருடத்துக் கீறலும் விரிசலும் போன இடம் தெரியாது. ஒவ்வொரு வருடமும் இயற்கையே ரன்வேயைப் புதுப்பித்துத் தருகிறது, செலவில்லாமல்.

அந்தத் தரையில் கறுப்புக் கோடு இழுத்து ஓடுபாதைகளைக் குறித்திருக்கிறார்கள். அதில் நீளமானது ஏழரை மைல். பக்கத்தில் இருக்கும் கான்கிரீட் ஓடுபாதையே 15,000 அடி, அதன் கோடியில் ஏரி தொடங்குகிறது. இன்ஜின் நின்றுபோய், பிரேக் பிடிக்காமல், சக்கரம் கழன்று எப்படி வந்தாலும் சறுக்கிக்கொண்டு போய் நிற்க இடம் இருக்கிறது. புது விமானத்தைச் சோதிக்கும் ஆளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கூடவே வருடத்தின் பெரும்பாலான நாள் தெளிவான வானம், கீழே ஆள் நடமாட்டம் இல்லாத நிலம். தளத்தின் மொத்தப் பரப்பு சுமார் 3,08,000 ஏக்கர், அதாவது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் நிலப்பரப்புக்குச் சற்று அதிகம். அதனால்தான் வேலி ஓரமாகக் கார் ஓட்டினால் ஏதாவது தெரியும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள், வேலிக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் மைல் கணக்கில் வெறும் நிலம்.

பழைய பெயர் மியூராக். 1910இல் ஏரிக்கரையில் குடியேறிய கோரம் குடும்பம் தங்கள் பெயரில் தபால் நிலையம் கேட்டது. அதே ஓசையில் வேறோர் ஊர் கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே இருந்ததால், ஆங்கிலத்தில் பெயரைப் பின்னாலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போதைய பெயர் கேப்டன் க்ளென் எட்வர்ட்ஸ் என்ற சோதனை விமானி 1948 ஜூன் 5 அன்று, வால் இல்லாத ஒய்பி-49 விமானத்தில் விழுந்து இறந்ததால் வந்தது. உள்ளே தெருக்களுக்குக்கூட இப்படி இறந்தவர்களின் பெயர்கள்தான். சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தப் பெயர்களைப் பார்ப்பீர்கள், பள்ளிக்கூடத்தில், நடைபாதைக் கல்வெட்டில். லங்காஸ்டர் கடைவீதியில் சோதனை விமானிகளுக்கென்றே நினைவுக் கற்கள் வைத்திருக்கிறார்கள், காபி வாங்க இறங்கும்போது ஒரு நடை நடந்து படித்துவிடுங்கள்.

எந்த நாள், எந்த மாதம்

இதில் ஒரு சிக்கல். விமானங்கள் பறப்பது வேலை நாளில். வெளியே இருக்கும் விமானக் காட்சியகங்கள் திறப்பது பெரும்பாலும் வார இறுதியை ஒட்டி. சனிக்கிழமை போனால் மியூசியம் கிடைக்கும், வானம் காலி. செவ்வாய்க்கிழமை போனால் வானம் நிறைந்திருக்கும், மியூசியம் பூட்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் சனிக்கிழமையே போங்கள். என்னைப் போல் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வார நாளில் இன்னொரு தடவை போங்கள். திறக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் அன்று காலையில் ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது அங்கே சர்வ சாதாரணம், அதாவது 38 டிகிரிக்கு மேல், நிழல் என்று சொல்ல ஒரு ஜோஷ்வா மரம் மட்டும், அதன் நிழலில் ஓர் ஆடுகூட நிற்க முடியாது. அக்டோபர், நவம்பர் அருமை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் நல்லது, ஆனால் வசந்தத்தில் மதியத்துக்கு மேல் காற்று கார்க் கதவைப் பிடுங்கும். மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால் லங்காஸ்டருக்கு மேற்கே மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூ, அது ஓர் உபரி லாபம். டிசம்பர், ஜனவரியில் காலையில் தண்ணீர் உறையும் குளிர், ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் குல்லா கட்டாயம். பாலைவனம்தானே, சூடாக இருக்கும் என்று என் மாமனார் செருப்போடு வந்தார், அப்புறம் காரை விட்டு இறங்கவே இல்லை.

காலையில் பாம்டேல்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் ஏறி 14இல் பிரிந்தால், ட்ராஃபிக் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிப் பாம்டேல். இங்கே இருக்கும் 42ஆம் எண் ஆலை என்ற அரசு விமானநிலையத்தைச் சுற்றித்தான் பெரிய நிறுவனங்களின் கொட்டகைகள். இந்த ஊரில் செய்து, முதல் பறப்பில் இங்கிருந்து கிளப்பி, எட்வர்ட்ஸில் கொண்டுபோய் இறக்குவது வழக்கமான நடைமுறை. பி-2 குண்டுவீச்சு விமானம் அப்படித்தான் 1989 ஜூலை 17 அன்று போனது. பி-21 ரெய்டர் என்ற புதிய குண்டுவீச்சு விமானம் 2023 நவம்பர் 10 அன்று போனது. அன்று விமானப்படை வாயைத் திறக்கவில்லை. ஆலைக்கு வெளியே தெருவில் கேமராவோடு காத்திருந்த ஆர்வலர்கள் எடுத்த படங்களைத்தான் உலகம் முதலில் பார்த்தது. ஒலியை மிஞ்சும் சூப்பர்சானிக் வேகத்தில் போனாலும் இடி போல் வெடிக்காமல் லேசான 'தம்' மட்டும் கேட்க வேண்டும் என்று நாசாவுக்காகச் செய்த எக்ஸ்-59உம் 2025 அக்டோபர் 28 அன்று இதே வழியில் போனது. உள்ளே போகாமலே பார்க்கலாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி தேவையா?

அவென்யூ பி சாலையில் அடுத்தடுத்து இரண்டு திறந்தவெளிக் காட்சியகங்கள். ஒன்று பிளாக்பேர்ட் ஏர்பார்க். நேரம் குறைவாக இருந்தால் இதற்கு மட்டுமாவது போங்கள். எஸ்ஆர்-71 என்ற வேவு விமானம், அதற்கு முன்னோடியான ஏ-12, யூ-2, டி-21 என்ற ஆளில்லா விமானம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. அந்த ஏ-12 வெறும் ஒரு ஏ-12 அல்ல, அந்த வகையில் முதன்முதலில் செய்து 1962இல் நெவாடாவின் க்ரூம் ஏரியில் பறக்கவிட்ட அதே விமானம். க்ரூம் ஏரியும் ஒரு காய்ந்த ஏரிதான், கவனியுங்கள். எஸ்ஆர்-71இன் அருகே போய் உடம்பின் தகட்டு இணைப்புகளைப் பாருங்கள். ஒலியைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேகம் போகும்போது டைட்டானியம் சூடேறி விரியும் என்பதால் தரையில் இருக்கும்போது இடைவெளி விட்டே செய்தார்கள். அதனால் நிற்கும்போதெல்லாம் எரிபொருள் ஒழுகிக்கொண்டே இருக்குமாம். பனிப்போர்க் காலத்தில் அந்த டைட்டானியத்தின் ஒரு பகுதியைப் பினாமி நிறுவனங்கள் மூலம் சோவியத்திடமே வாங்கினார்கள். யாரை வேவு பார்க்க விமானம் செய்கிறார்களோ அவர்களிடமே உலோகம்! அங்கே வழிகாட்டியாக நிற்கும் முதியவர்களில் சிலர் இந்த விமானங்களோடு வேலை பார்த்தவர்கள், கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதியதைவிட அவர்கள் சொல்லும் கதைகள் நன்றாக இருக்கும்.

பக்கத்தில் ஜோ டேவிஸ் ஏர்பார்க். அங்கே நிற்கும் பிரம்மாண்டமான 747ஐத் தேட வேண்டாம், தெருவிலிருந்தே தெரியும். விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) முதுகில் சுமந்து போன இரண்டு விமானங்களில் ஒன்று அது. எட்வர்ட்ஸில் இறங்கிய ஓடங்களைத் திரும்ப ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனது இவைதான். பூமிக்குத் திரும்பிய 133 பயணங்களில் 54 எட்வர்ட்ஸில்தான் முடிந்தன. முதல் பயணமான கொலம்பியா 1981 ஏப்ரல் 14 அன்று நேரே அந்த ஏரித் தரையில் வந்து இறங்கியது. நம் ஆட்களுக்கு ஒரு செய்தி: சுனிதா வில்லியம்ஸ் விண்வெளி நிலையத்தில் முதல் முறை தங்கிவிட்டு 2007 ஜூன் 22 அன்று மண்ணைத் தொட்டதும் இங்கேதான், ஃபுளோரிடாவில் வானிலை சரியில்லாததால் அட்லாண்டிஸ் ஓடத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இன்னொரு விண்வெளி வீரர் ராஜா சாரி, நாசாவுக்குப் போகும் முன் எட்வர்ட்ஸில் எஃப்-35 சோதனைப் பிரிவின் தலைவராக இருந்தவர்.

மேற்கு வாசலுக்கு வெளியே

பாம்டேலிலிருந்து 14இல் வடக்கே ரோசமண்ட் வரை போய், ரோசமண்ட் பூல்வார்டில் கிழக்கே திரும்பினால் மேற்கு வாசல். வாசலுக்குள் நுழையாமல், வெளியேயே இருக்கும் 'செஞ்சுரி சர்க்கிள்' பக்கம் வண்டியை நிறுத்துங்கள். எஃப்-100இல் தொடங்கி எஃப்-106 வரை, 1950களில் எட்வர்ட்ஸை ஒரு கை பார்த்த போர் விமானங்களின் வரிசை. சும்மா செல்ஃபி எடுத்துவிட்டுப் போகாமல் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எஃப்-104இன் இறக்கையைப் பாருங்கள், எவ்வளவு குட்டை, எவ்வளவு மெல்லிசு! ஓரம் கையை அறுத்துவிடும் என்று தரையில் நிற்கும்போது அதற்கு உறை போட்டு வைப்பார்கள். அடுத்தது எஃப்-106இன் இடுப்பு. உடம்பு நடுவில் ஒடுங்கி, பின்னால் விரிகிறது. அதன் அண்ணனான எஃப்-102இன் முதல் வடிவம் எட்வர்ட்ஸில் பறந்தபோது ஒலி வேகத்தைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. பிறகுதான் இறக்கை சேரும் இடத்தில் உடம்பைச் சுருக்கி இடுப்பு வைத்தார்கள், 1954இல் அது தாண்டியது. கணக்குப் போட்டு வடிவமைத்தாலும் பறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதற்கு அந்த இடுப்பே போதும்.

உள்ளே போயே தீர வேண்டும் என்றால் வழிகள் குறைவு. தளத்தில் வேலை பார்க்கும் யாராவது உங்களுக்குப் பொறுப்பேற்று முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பின்னணிச் சோதனை இருக்கும். குடியுரிமை இல்லாத நம் போன்ற விசாக்காரர்களுக்குக் காகித வேலையும் நாளும் இன்னும் கூடும். இல்லாவிட்டால் பொதுமக்களுக்காக வாசலைத் திறந்துவிடும் ஏர் ஷோவுக்குக் காத்திருக்க வேண்டும். 2009க்குப் பிறகு அடுத்தது 2022 அக்டோபரில்தான் நடந்தது, பதின்மூன்று வருட இடைவெளி. ஆகவே அடுத்த தடவை அறிவிப்பு வந்தால் கல்யாணம், காதுகுத்து எதையும் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். அதிகாலையிலேயே போய்விடுங்கள், பாலைவனத்துச் சாலைகள் அகலம் குறைவு, கார்கள் மைல் கணக்கில் நிற்கும்.

வானத்தைப் படிப்பது எப்படி

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், இதற்கு வேலை நாள் காலை வேண்டும். காற்று அசையாத நேரத்தில்தான் சோதனைக்குக் கிளம்புவார்கள். ரோசமண்டுக்கும் மொஹாவி ஊருக்கும் நடுவில், அல்லது 58ஆம் எண் நெடுஞ்சாலையில் நார்த் எட்வர்ட்ஸ், போரான் பக்கம், பொது இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்துங்கள். 58இல் நின்று தெற்கே பார்த்தால் தொடுவானத்தில் வெளிறிய ஒரு கோடு தெரியும், அதுதான் ஏரி. தனியார் நிலத்துப் பலகை இருந்தால் அதற்குள் போகாதீர்கள்.

சத்தம் வரும் திசையில் விமானத்தைத் தேடாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இது. 40,000 அடி உயரத்தில், அதாவது 12 கிலோமீட்டர் மேலே, போகும் விமானத்தின் சத்தம் உங்கள் காதுக்கு வர 35 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அது பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். சத்தத்துக்கு முன்னால், அது போகும் திசையில் நன்றாகத் தள்ளித் தேடுங்கள். வெள்ளைக் கோடு இருந்தால் அதன் முனையைப் பிடியுங்கள். கோடு இரண்டாக, பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தே போனால் விசேஷம்: ஒன்று சோதனை விமானம், மற்றது அதன் கூடவே போய் வெளியிலிருந்து கவனித்துச் சொல்லும் துணை விமானம். துணைக்கு டி-38, எஃப்-16, நாசாவாக இருந்தால் எஃப்-15 மாதிரி ஏதாவது வரும். 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர் போதும், அதற்கு மேல் வாங்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

திடீரென்று 'டும்-டும்' என்று இரட்டையாக இடித்தால் பயப்பட வேண்டாம், அது சூப்பர்சானிக் இடி. விமானத்தின் மூக்கிலிருந்து ஒரு அதிர்வலை, வாலிலிருந்து ஒன்று, அதனால் இரண்டு. ஒலித் தடையைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அந்த வேகத்தில் போகும் வரை அதைத் தன் பின்னால் ஊர் ஊராக இழுத்துக்கொண்டே போகும். விண்வெளி ஓடம் வரும் நாளில் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஜன்னல் அதிர்ந்ததைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். மனிதன் ஓட்டிய விமானம் சமமாகப் பறந்தபடியே ஒலி வேகத்தை முதன்முதலில் தாண்டியதும் இந்த வானத்தில்தான். 1947 அக்டோபர் 14 அன்று, பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே விடப்பட்ட பெல் எக்ஸ்-1இல் சக் யேகர் என்ற விமானப்படைச் சோதனை விமானி மாக் 1.06, அதாவது ஒலியைப் போல 1.06 மடங்கு வேகத்தில் போனார். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்திருந்தது, வெளியே சொன்னால் பறக்க விடமாட்டார்கள். கதவைச் சாத்த வலது கை எட்டவில்லை. அவருடைய நண்பர் ஜாக் ரிட்லி விளக்குமாற்றுக் கட்டையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க, அதை நெம்புகோலாக வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். உலகத்தின் முதல் சூப்பர்சானிக் விமானத்தில் விளக்குமாற்றுக் கட்டை!

இதே வானத்தில்தான் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் 1959 முதல் 1968 வரை 199 தடவை பறந்தது. 1967இல் பீட் நைட் அதில் மணிக்கு 4,520 மைல் போனார். நிலவுக்குப் போகும் முன் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அதை ஏழு தடவை ஓட்டியிருக்கிறார். 1962 ஏப்ரலில் ஒரு நாள் இறங்கும்போது மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, காற்று மண்டலத்தின் மேல் எகிறிப்போய்ப் பாசடேனா வரை வந்துவிட்டார். இன்ஜின் அணைந்த விமானம். அங்கிருந்து திருப்பி, மிதந்தே வந்து ஏரியின் தெற்குக் கோடியில் இறக்கினார். ஏரி அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பாசடேனாவில் குடியிருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன், அவர் நம்பவே இல்லை.

ரேடியோவில் ஆர்வம் இருந்தால் ஒரு ஸ்கேனர் கொண்டுபோங்கள், கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் ராணுவ விமானங்கள் அதிகம் பேசுவது 225இலிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில். மலிவான கையடக்க வாக்கிடாக்கிகளில் அது கேட்காது, வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அறுபது டாலர் போட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். 'ஜோஷ்வா' என்று கேட்டால் அது இந்தப் பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ராணுவக் கட்டுப்பாட்டு மையம். 'ஸ்போர்ட்' என்று கேட்டால் காதைத் தீட்டுங்கள், அது எட்வர்ட்ஸின் சோதனை வான்பகுதியைக் கவனிக்கும் அறை, அப்போது ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். விமானத்தைக் காட்டும் போன் ஆப்பை மட்டும் நம்பி உட்காராதீர்கள், முக்கியமான விமானங்கள் அதில் தெரியாமலே போகும்.

ரகசியம் இங்கே புதிதல்ல. 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட், பெல் எக்ஸ்பி-59ஏ, இந்த ஏரியில் பறந்தது. தரையில் நிற்கும்போது யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று மூக்கில் ஒரு பொய் ப்ரொப்பல்லரை மாட்டி வைத்திருந்தார்கள். அதை ஓட்டிய ஜாக் வூலம்ஸ், பக்கத்தில் எட்டிப் பார்க்க வரும் மற்ற விமானிகளை மிரட்ட கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு பறப்பார் என்று ஒரு கதை உண்டு. ப்ரொப்பல்லர் இல்லாத விமானத்தைக் குரங்கு ஓட்டிக்கொண்டு போனது என்று அந்த ஆள் பாரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மதியத்துக்கு மேல் மொஹாவி ஊர். ரோசமண்டிலிருந்து வடக்கே பதினைந்து நிமிடம். சாலையிலிருந்தே ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்கள் வரிசையாக நிற்பது தெரியும். இங்கிருக்கும் விமானநிலையத்திலிருந்துதான் 2004 ஜூன் 21 அன்று ஸ்பேஸ்ஷிப்ஒன் கிளம்பி, தனியார் செலவில் முதல் முறையாக மனிதனை விண்வெளி எல்லைக்குக் கொண்டுபோனது. வாசலருகே ஒரு பூங்கா, அதில் ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்தது போல் நிற்பது ரோட்டன் என்ற கைவிடப்பட்ட ராக்கெட். வழியில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானம் உருவானதும் இந்த ஊரில்தான், ஆனால் அது கிளம்பியது எட்வர்ட்ஸிலிருந்து. 1986 டிசம்பர் 14 அன்று எரிபொருள் பாரத்தில் இறக்கை நுனிகள் தரையில் உரசிக்கொண்டே போக, 15,000 அடி ஓடுபாதையில் ஏறக்குறைய 14,000 அடியைத் தின்றுவிட்டுத்தான் எழும்பியது. ஒன்பது நாள் கழித்து அங்கேயே வந்து இறங்கியது.

ஏரியில் கால் வைக்க ஆசையா?

ரோஜர்ஸ் ஏரியில் கால் வைக்க முடியாது. ஆனால் அதே ஜாதி ஏரி ஒன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது: எல் மிராஜ். பாம்டேலிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரசு நிலம், நாள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மழை பெய்து ஈரமாக இருந்தால் மூடிவிடுவார்கள், மூடாவிட்டாலும் இறங்காதீர்கள், மேலே காய்ந்தது போல் ஏமாற்றும், சக்கரம் களியில் இறங்கினால் இழுவை வண்டிக்காரர் கேட்கும் தொகையில் ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம். காய்ந்திருந்தால் அந்த அனுபவமே வேறு. நடுவில் போய் நிறுத்திவிட்டு இன்ஜினை அணையுங்கள். தூரம் என்பதே மூளைக்குப் பிடிபடாது. எதிரே வரும் கார் அரை மைலில் இருக்கிறதா, ஐந்து மைலில் இருக்கிறதா என்று தெரியாது. இன்ஜின் இல்லாமல் இறங்கும் விமானிக்கு உயரத்தை மதிப்பிடுவது ஏன் கஷ்டம், ஏன் தரையில் கறுப்புக் கோடு இழுத்தார்கள் என்று அங்கே நின்றால்தான் புரியும். சொல்லப்போனால், 1930களில் மியூராக் ஏரியில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை ராணுவம் வெளியேற்ற, பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று இந்த எல் மிராஜ், இன்றைக்கும் ஓட்டுகிறார்கள்.

கொஞ்சம் முன்ஜாக்கிரதை. பெட்ரோலைப் பாம்டேலிலேயே நிரப்பிவிடுங்கள். ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர், குளிர்காலத்திலும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் காற்று வந்தால் சோற்றோடு மண்ணும் சேரும், காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். புதருக்குள் கை, கால் விடாதீர்கள், மொஹாவி பச்சைப் பாம்பு என்று ஒன்று இருக்கிறது, பெயரைக் கேட்டு நம்மூர்ப் பச்சைப் பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம், கடும் விஷம். பாலைவன ஆமை கண்ணில் பட்டால் தள்ளி நின்று பாருங்கள், தூக்கக் கூடாது, சட்டப்படி குற்றம், பயந்தால் அது உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிடும். கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பாருங்கள், நிழலுக்காக ஆமை ஒதுங்கியிருக்கும்.

ஏரியில் ஓட்டியிருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவிவிடுங்கள். அந்த வெள்ளைத் தூள் காரம் கலந்தது, இரும்பைத் தின்னும். நான் ஒரு வாரம் கழித்துக் கழுவினேன். இன்னமும் டிக்கியைத் திறந்தால் ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் ஏரி இருக்கிறது.